இரண்டு துளைகள்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
இரண்டு மீட்டருக்குத்தான் இடமாம்.
எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே
கண்ணாடியோரத் தூணில்
துளை போட்டுவிட்டார் கிம் லெங்.

பூஸ்ட் மீட்டர் அழகி.
மிதித்தால் துள்ளும், விட்டால் விழும்.
துள்ளவிட இந்தத் தீவில் சாலை எங்கே?
நான் தொண்ணூறில் போகிறேன்,
பக்கத்து டாக்சியும் தொண்ணூறில்.

எண்ணெய் அழுத்தமோ
நல்ல செய்தி சொல்லவே சொல்லாது.
முள் சாயும்போது எஞ்சின் போயே போயிருக்கும்.
ஆனாலும் தெரிந்துகொண்டு போகட்டுமே.

மூன்றாவது, உள்ளே போகும் காற்றின் சூடு.
இரவு பதினொன்றுக்கும் வியர்க்கிற ஊர் இது.
சிக்னலில் நின்றால் அறுபதைத் தொடும்.
அதன்பின் சூப்பர்சார்ஜர்
ஊளையிட்டு ஊதுவதெல்லாம் வெறும் அனல்.

சிஓஇ முடியப் பத்தொன்பது மாதம்.
தமயந்தி கைப்பேசியில் கணக்குப் போட்டாள்:
இந்தக் காசுக்கு
மாதாமாதம் நண்டு சாப்பிடலாமாம்.

"எண்ணெயும் சூடும்" என்றேன்.
அழகியின் கண்ணாடியில் என் கைரேகை.
சட்டையில் துடைத்துப்
பெட்டிக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை, துவாஸ் சோதனைச் சாவடி.
அதிகாரி குனிந்து பார்த்தார்.
புதுசு இரண்டும் அவர் கண்ணில் படவில்லை.
பழைய பெட்ரோல் முள்
முக்காலுக்கு மேலே நிற்கிறதா,
அவ்வளவுதான்.

பாலத்தில் வண்டிகள் நகரவில்லை.
ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
தமயந்தி கை நீட்டி ஏசியை அணைத்தாள்,
நான் எதுவும் சொல்லாமலே.