பதினாலாம் முனை, லென்ஸர்ஹைடே

எனக்குத் தந்தவை: ஒரு மஞ்சள் கொடி, ஒரு சிவப்புக் கொடி,
விசில், வோக்கி, இரண்டு வாழைப்பழம்,
முதுகில் பதினாலு என்று எழுதிய ஆரஞ்சுச் சட்டை.
திங்கள் முதல் வெள்ளி வரை எனக்கு
கூர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவு.
சனி, ஞாயிறு அதே எலும்புகளை
முறிவதற்கு முன்னால் பார்க்க வருகிறேன் என்றால்
கூர்டீன் சிரிப்பான்.
சிரித்துக்கொண்டே சிவப்பை மடித்து
என் இடுப்புப் பட்டியில் செருகுவான்:
"இதை எடுத்தால் பாதியில் யோசிக்காதே."

நேற்று கிராஸ்கன்ட்ரி.
ஒரே வெடிக்கு எல்லாரும் கிளம்பி
முழங்கையோடு முழங்கை உரசி
சுற்று, சுற்று, இன்னொரு சுற்று.
ரொம்பப் பின்தங்கியவர்களை
நாடாவுக்கு அப்பால் மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.
அது சந்தை.

இன்று டவுன்ஹில்.
சூரிச் தமிழ்ப் பள்ளியில், சோதனைக்காக,
குறிஞ்சி என்றால் புணர்தல் என்று எழுதி
முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.
இந்த மலையில் பிரிதல் மட்டும்தான்,
இரண்டு நிமிடத்துக்கு ஒருத்தியாக,
ஒரு பீப் ஒலி வழியனுப்ப.

மலையில் என் பங்கு நாற்பது மீட்டர்.
மழை நனைத்த வேர்கள்,
யாரோ குடலை உருவிப் போட்டதுபோல.
அதன் கீழே ஒரு கல். ஆட்டுரல் அளவு.
இல்லை, அதைவிடப் பெரிது.
முதலில் சத்தமாகத்தான் வருவார்கள்:
மேலே ரசிகர்கள் குலுக்கும் பசுமணி,
சங்கிலியின் தடதடப்பு, ஒரு மூச்சு.
திரும்பினால் ஆள் இல்லை.
மூன்று வருடமாக வருகிறேன், ஒரு முகம் பார்த்ததில்லை.
எனக்குப் பரிச்சயம் முழங்கால்கள்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு லுட்மிலா விழுந்தாள்.
விழுந்தாள் என்பது சின்னச் சொல்.
சைக்கிள் அவளை விட்டது, பிறகு மண் விட்டது,
பிறகு ஒரு கணம்
எதுவுமே அவளைப் பிடித்திருக்கவில்லை.
அப்புறம் கல்.
காறையெலும்பு என்று
கண்ணுக்கு முன்பே காது சொன்னது.
பாதையின் நடுவில் கிடந்தாள்.
நகர்த்த எனக்குத் தெரியும்,
நகர்த்தக் கூடாது என்பதும் தெரியும்.

அடுத்தவள் டெகன் பென்ஹாலோ.
வோக்கி சொன்னது: இரண்டாம் அளவீட்டில்
எல்லாரையும்விட ஒன்று புள்ளி இரண்டு நொடி முன்னால்.
மேலே பசுமணி.

சிவப்பு விரிந்தது.
விசில் என் பல்லில் இடறியது.

அவ்வளவு வேகமும் எங்கே போகும்?
இரண்டு டயரும் மண்ணை உழுது நின்றபோது
மிச்சமெல்லாம் அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.
கண்ணாடியைத் தூக்கினாள். முகம்.
இருபது வயதிருக்கும், மூக்கு நுனியில் சேறு.
என்னை ஏசினாள், ஆங்கிலத்தில், ஒரே சொல்.
பிறகு எனக்குப் பின்னால் கிடந்தவளைப் பார்த்தாள்.
சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.
சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து
நான் ஹெல்மெட்டை அசையாமல் பிடித்திருக்க
லுட்மிலாவின் கையுறைகளை
ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

ஸ்ட்ரெச்சர் போனது.
விதிப்படி டெகனுக்கு மறு ஓட்டம்.
கேபிள் காரில் மேலே போய்
ஒன்றரைக்குத் திரும்ப வந்தாள்,
ஒருமுறை செலவழித்துவிட்ட கால்களோடு.
வேர்களில் நல்ல கோடு.
கல்லுக்கு முன்னால் மட்டும்
முன்சக்கரத்தில் ஒரு மயிரிழைத் தயக்கம்.
கேமரா அந்தப் பக்கம் இல்லை.
கீழே ஒலிபெருக்கி: பூச்சியம் புள்ளி மூன்று நொடி. இரண்டாமிடம்.

நாடாவைச் சுருட்டினேன்.
மிஞ்சிய வாழைப்பழம் கறுத்திருந்தது, தின்றேன்.
சரியாகத்தான் செய்தாய் என்று கூர்டீன்
இரண்டு தடவை சொன்னான்.
ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

திங்கட்கிழமை, மூன்றாம் மாடி.
தோளில் ஆறு திருகாணியோடு லுட்மிலா கேட்டாள்:
"பின்னால் வந்தவள் எத்தனையாவது?"
சொன்னேன்.
ஜன்னலில் மலை இருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள்.
"அந்தக் கல்லில் பிரேக் போட்டிருப்பாள்."

நான் கவனிக்கவில்லை என்றேன்.
டிரிப்ஸ் சொட்டுகளை எண்ணினேன்,
தேவையில்லாமல்,
அது சரியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.