கல்லோயாச் சந்தியில் இறங்கி நடத்தல்

பகல் முழுக்க ஒழுங்கான கால்கள்தான்.
தபாற்கந்தோர் மூன்றாம் கவுண்டரின் கீழே
ஒன்றன்மேல் ஒன்று போட்டபடி
முத்திரை, பதிவுத்தபால், முதியோர் கொடுப்பனவு என்று
நான்கு மணிவரை என்னோடு சம்பளத்துக்கு இருக்கும்.

இரவு ஒன்பதரைக்குத்தான் அதுகளுக்கு விடியும்.

நோவென்று சொல்லேலாது.
கடியுமில்லை, விறைப்புமில்லை.
கெண்டைக்குள், இன்னும் உள்ளே, எலும்பைச் சுற்றி
யாரோ சோடாப்போத்தல் திறந்துவிட்டதுபோல.
எழும்பி நடந்தால் அடங்கும்.
படுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.
எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன்,
இதை எழுத ஒரு கூடு
எந்தப் படிவத்திலும் இல்லை.

டெஸ்மன் நடுவில் ஒரு தலையணை வைத்தான்.
பிறகு இரண்டு.
பிறகு, கோபமில்லாமல்தான்,
பாயை விறாந்தைக்குக் கொண்டுபோனான்.
நித்திரையில் உதைக்கிறேனாம்,
முப்பது எண்ணுவதற்குள் ஒன்று.
துறைமுகத்தில் வின்ச் பிடிக்கிறவனுக்கு
எண்ணிக்கை பிழைக்காது.

பக்கத்துவீட்டு பாரிஸா எண்ணெய் காய்ச்சித் தந்தா.
நானே கண்டுபிடித்த வைத்தியம் தடிமன் குளிசை,
போட்டால் தூக்கம் வருமே.
வந்தது, கண்ணுக்கு மட்டும்.
கால்கள் அன்றைக்குத்தான் அதிகம் குதித்தன.

டைக் வீதியில் இரவு இரண்டு மணிக்கு
நடக்கிற பொம்பிளையை
மான்கள்தான் ஏனென்று கேட்காது.
ஒன்று பலாச்சக்கை மென்றபடி பார்த்தது,
நின்ற இடத்திலேயே
பின்னங்காலின் தோல் மட்டும் துடிக்க.
உனக்குமா, என்று கேட்டேன்.
அது அடுத்த சக்கைக்குக் குனிந்தது.

கிளினிக்கில் டொக்டர் நில்மினி
கைவசமிருந்த கொஞ்சத் தமிழில் கேட்டா:
"இருந்தா வாறது. நடந்தா போறது.
ராவைக்குக் கூட. சரியா?"
சரி, சரி, சரி.
பத்து வருசமாக எனக்கே சொல்லத் தெரியாதது.
கண்மடலை இழுத்துப் பார்த்தா.
மாதம் எத்தனை நாள் போகும்,
தேத்தண்ணி எத்தனை கோப்பை,
என்னென்ன குளிசை.
இரத்தம் எடுத்தார்கள்.
உடம்பு சேமித்துவைத்த இரும்பு: பதினொன்று.

பதினொன்றா!
இந்த ஊரில் இரும்புக்குப் பஞ்சமா?
கோட்டையில் பீரங்கி,
சீனன்குடாக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள்,
கடலுக்கடியில் யாரும் எடுக்காத கப்பல்,
டெஸ்மனின் சட்டையெல்லாம் துருக்கறை.
தோய்க்கிறது நான்.
ஒரு கரண்டிகூட எனக்குள் இறங்கவில்லை.

குளிசை ஒருநாள் விட்டு ஒருநாள், தேசிக்காய்த் தண்ணியோடு.
தேத்தண்ணி அதன் கிட்டவும் வரக்கூடாது.
பின்னேரம் நாலுக்குப் பிறகு தேத்தண்ணியே கிடையாது.
(அழுகை வந்தது இந்த இடத்தில்தான்.)
தடிமன் குளிசை குப்பைக்குப் போனது.
படுக்கமுன் கெண்டையை நீட்டிச் சுவரைத் தள்ளுகிறேன்,
வீட்டைக் கொஞ்சம் உப்புவெளிப் பக்கம் நகர்த்துவதுபோல.
சுடுதண்ணி ஒரு வாளி, சில இரவு பச்சைத்தண்ணி,
எது வேண்டுமென்று கால்தான் சொல்லும்.
மூன்று மாதம் என்றா டொக்டர். ஐந்தானது.
முற்றாகப் போகாமலும் விடலாம் என்றா,
அந்தச் சொல்லுக்காகவே இன்னும் அவவிடம் போகிறேன்.
பாய் உள்ளே வந்துவிட்டது.
ஒரு தலையணை இன்னும் நடுவில்.

நேற்று கொழும்பு மெயில்.
யன்னல் சீட்டை ஒரு பெடியனுக்குக் கொடுத்து
நடைவழிப் பக்கம் கேட்டு வாங்கினேன்.
கந்தளாய் தாண்டச் சோடா திறந்தது.
கல்லோயாச் சந்தியில்
மட்டக்களப்புப் பெட்டிகள் வந்து கொளுவும்வரை நிற்கும்.
இறங்கினேன்.
பிளாட்போம் முடிவுவரை, திரும்பி, மற்ற முடிவுவரை.

எதிரே ஒரு மனிசன், அதே நடை,
அதே இடத்தில் திரும்பல்.
மூன்றாம் தரம் கடக்கையில்
என் செருப்பைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன்.
"இது எத்தனையாவது தேத்தண்ணி?"
கோப்பையோடு திகைத்து நின்றார்.

அப்போதுதான் இருட்டுக்குள் பெட்டிகள் வந்து கொளுவின.
இரும்பில் இரும்பு முட்டிய அதிர்வு
பிளாட்போம் வழியாக
உள்ளங்காலுக்கு வந்தது.