உப்பிய எழுத்து

முனை இல்லை இதற்கு.
ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில்
விரல்நுனி மாதிரி உருண்டு நிற்கிறது.
'ட'வின் மூலையைப் பாருங்கள்:
மற்ற எழுத்துருக்களில் தச்சன் மட்டம் வைத்தது,
இதில் மடக்கின முழங்கை.
'ழ'வுக்குக் கொழுத்த பூனையின் வால்.
ஃ, மூன்று தேசிக்காய்.

கஸ்தூரியார் வீதியில் மாடிப்படிக்குக் கீழே
எங்கள் பிறிண்டிங் கடை.
நாளுக்கு நாலு பேராவது கேட்பினம்:
"தங்கச்சி, அந்த மொத்த எழுத்திலை போடுங்கோ."
நான் எல்லாருக்கும் போடுவதில்லை.

ஐஸ்கிறீம் கடைக்குச் சரி.
முன்பள்ளி மதிலுக்கு, சொட்டு மருந்து பனருக்கு,
பருத்தித்துறை பஸ்ஸின் நெற்றிக்கு;
குடையும் பையுமாய் ஓடி வருகிறவள்
ஓட்டத்தை நிறுத்தாமல் வாசிக்க வேணும்.
காணி வழக்கு நோட்டீசுக்கு ஆகாது.
"கடைசி அறிவித்தல்" என்று ஒருமுறை அடித்துப் பார்த்தேன்,
பிறந்தநாள் அழைப்பிதழ் போலச் சிரித்தது.
சின்னதாய்ப் போட்டால் கண் அடைபடும்,
'ண'வும் 'ன'வும் மை குடித்து ஒன்றாகிவிடும்.
பதினாலுக்குக் கீழே இறக்காதே என்று
மொனிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
மரண அறிவித்தலா? கேட்கவே வேண்டாம்.

போன மாசம் கொக்குவில் சிவகடாட்சம் வந்தார்,
அந்தியேட்டிக் கார்டு அடிக்க.
மனுசியின் பெயர் மங்கையற்கரசி.
"இந்த எழுத்திலை" என்று
ஒரு மாஜரின் டப்பாவை மேசையில் வைத்தார்.
மூடியில் எங்கள் கடை ஸ்டிக்கர்: இரவு.
எண்ணெய்ப் பிசுக்கு. ஓர் ஓரம் நகம் சுரண்டியிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
மூன்று வருசத்துக்கு முன் ஒரு தாள் நிறைய
காலை, இரவு, சீனி, உப்பு, மல்லி,
எல்லாம் நாற்பத்தெட்டில்.
உப்பு என்று அடித்தால் உப்பியே போகிறதே என்று
நானே சிரித்தேன். அவரும் சிரித்தார்.
எதற்கென்று கேட்கவில்லை.

"சீனி வருத்தம் கண்ணிலை இறங்கிட்டுது.
பேப்பரை விட்டிட்டா, பஞ்சாங்கத்தை விட்டிட்டா.
இதை மட்டும் மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு வாசிப்பா.
வேறை எழுத்து அவவுக்குத் தெரியாது, பிள்ளை."

ரொறன்ரோ மச்சான் வட்ஸ்அப்பில்:
"என்ன அத்தான், ஐஸ்கிறீம் கடை மாதிரி?"
அவர் பதில் போடவில்லை.
என்னைப் பார்த்தார்.

பெயர் ஒரு வரியில் அடங்கவில்லை.
மங்கையற், கரசி என்று உடைக்க மனமில்லை.
குத்துவிளக்கை எடுத்தேன், பூக்கரையை எடுத்தேன்,
கார்டைப் படுக்கவைத்தேன்.
'ங்' மேல் ஒன்று, 'ற்' மேல் ஒன்று,
புள்ளிகள் இரண்டும் குளிசைபோலக் கிடந்தன.
மெய்க்கு அரை மாத்திரை என்று
எந்த வகுப்பில் படித்தது?

அவர் தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்,
பிறகு கை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.
"நூற்றைம்பது காணும்."
டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.
படியேறும்போது உள்ளே என்னவோ குலுங்கியது.