பரிவு மீடிறன்

இருபதைத் திருப்பு, முப்பதைப் போகவிடு.
கேள்வி அவ்வளவுதான்.
ஒரே கிண்ண அன்ரெனாவில் விழும் இரண்டு பட்டைகளை
வழியில் நின்று பிரித்துவிட ஒரு தகடு.

வளையத்தின் சுற்றளவு ஓர் அலைநீளம்.
இருபது கிகாஹேர்ட்ஸுக்குப் பதினைந்து மில்லிமீற்றர்,
பலகையில் ஒட்டினால் அதுவும் கொஞ்சம் சுருங்கும்.
அந்த மீடிறனுக்கு மட்டுமே செம்பு பரிவுறும்,
மற்றதெல்லாம் அதற்குச் சும்மா காற்று.
கணினிக்கு ஒரு வளையம் கொடுத்தால் போதும்.
நாலு பக்கமும் அதையே முடிவிலி வரை அடுக்கி
விளிம்பே இல்லாத உலகத்தில் வைத்து
வளைகோடு கீறித் தரும்.

அறிவியல்நகரில் விளிம்பு உண்டு.
முப்பதுக்கு முப்பது, தொளாயிரம் வளையம்.
அதற்கப்பால் மேசை, பிறகு யன்னல்,
பிறகு மாரியில் ஊறி நிற்கும் பாலைமரங்கள்.

பெரிக் குளோரைட்டில் தகட்டை ஆட்டி ஆட்டி
கஜரூபனின் நகமெல்லாம் மஞ்சள்.
எதிரொலி விழுங்கும் அறை எங்களிடம் இல்லை;
பழைய மெத்தைப் பஞ்சில் கரித்தூள் கரைத்தூற்றி
அவன்தான் சுவரெங்கும் சாத்திவைத்தான்.
பகுப்பாய்வி பேராதனையின் இரவல்.
வியாழன் மத்தியானம் வான் வரும்.

புதன் இரவு
பள்ளம் பத்தொன்பது தசம் ஆறில் கிடந்தது.
"ஈரம், அக்கா."
தங்கச்சியின் தலைமயிர் உலர்த்தியைத்
தகட்டுக்குப் பிடித்தான்.
திரையில் பள்ளம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது,
மாடு எழும்பி இடம் மாறிப் படுப்பதைப்போல.
இருபது. இருபத்தேழு டெசிபல் ஆழம்.
முப்பது, அரை டெசிபல்கூடச் சிந்தாமல் தாண்டிப் போனது.

விளக்குக்கு நேரே பிடித்தபோதுதான் கண்டோம்
கரைசல் தின்ற இடங்களை.
எண்ணினேன். ஏழு வளையம் இல்லை.
வளைகோட்டுக்கு அது தெரியவேயில்லை.
தொளாயிரத்தில் ஏழு, புறக்கணிக்கத்தக்கது
என்று அறிக்கையில் எழுதினேன். பிழையில்லை.

வியாழன் காலை பஸ், கந்தசுவாமி கோயிலடி.
கொட்டகையில் படங்கள் நிரை நிரையாக,
ஒரே அளவு, ஒரே இடைவெளி.
ஒன்று மட்டும் மழைக்கு வெளுத்து
வெறும் வெள்ளைத் தாள்.
அதையும் ஒருத்தி
சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வான் வர முதல் அறிக்கையைத் திறந்து
அந்த வரியை எடுத்தேன்.
நிரை நாலு, நிரல் பதினொன்று.
நிரை நாலு, நிரல் பன்னிரண்டு.
நிரை ஒன்பது, நிரல் இருபத்தாறு...
"பக்கம் கூடுது, அக்கா" என்றான் கஜரூபன்,
வயர் சுற்றிக்கொண்டே.
கூடட்டும்.
இன்னும் நாலு கிடக்கு.