பேனா முனை அளவு

உட்கார்ந்த கிளையை அறுப்பவன் முட்டாள் என்று
பள்ளியில் படம் போட்டுக் காட்டினார்கள்.
அதற்கு மணிக்கு முப்பத்தெட்டு டாலர் தருவார்கள் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

பேஸ்வாட்டரில் காலை ஆறரைக்கே
வெயில் சப்பாத்துக்குள் இறங்கிவிட்டது.
கோரி கயிற்றைப் பார்த்தான், நான் கோரியைப் பார்த்தேன்.
ராத்திரி தூங்காத கண்.
ஏனென்று கேட்கவில்லை.
கீழே நிற்பவன் தூங்காத நாளில்
மேலே ஏறுகிறவன் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பான்,
அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம்.

வாகீசனை அவர்கள் 'வாக்' ஆக்கி மூன்று வருஷம்.
அவர்கள் பாஷையில் அது நடை.
நடப்பது ஒன்றைத்தான் நான் செய்வதில்லை.
தொங்குகிறேன். ஆடுகிறேன்.
கிளைக் கவட்டில் சாண்ட்விச்சை வைத்து
எறும்புக்கு முந்தித் தின்கிறேன்.

பாக்ஸ் எல்டர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது,
எப்போதும் இதுதான் சிக்கல்.
உச்சியில் மட்டும் ஒரு கிளை முகம் வாடியிருந்தது.
தண்டில், என் நெஞ்சு உயரத்தில்,
பேனா முனை அளவு துளைகள்,
யாரோ எழுத உட்கார்ந்து
மை வரவில்லையென்று குத்திக் குத்திப் பார்த்த மாதிரி.

வண்டு எள்ளளவு. மரத்தைத் தின்பதில்லை.
சுரங்கம் வெட்டி, வாயில் கொண்டுவந்த பூஞ்சையை விதைத்து
அந்த வெள்ளாமையைத் தின்கிறது.
தண்ணீர் ஏறும் வழி அடைபட்டு
மரம் நின்றபடியே தாகத்தில் போகிறது.

வீட்டுக்காரி மிரியானாவிடம் இதைச் சொன்னேன்.
"அதுவும் கடல் தாண்டி வந்து தோட்டம் போட்டிருக்கிறது" என்றாள்.
அவள் அப்பா ஸ்வான் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டவராம்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
தலைக்கவசத்தின் வாரை இறுக்கினேன்.

மருந்து இல்லையா?
மர வைத்தியர் என்று லாரியில் எழுதியிருக்கிறதே?
எழுதியிருக்கிறதுதான்.
மத்தியானம் கடலிலிருந்து வரும் காற்றுக்கும்
இந்த ஊரில் டாக்டர் என்றே பெயர்.
ரெண்டு பேரும் வந்து மரத்தை ஆட்டிவிட்டுப் போகிறோம்.

மேற்குக் கிளையடிக்கு ஏறியபோது
பழைய வெட்டு ஒன்று இருந்தது.
சுத்தமான வெட்டு. சுற்றிலும் பட்டை
பாதி வளையம் மூடியிருந்தது.
கொஞ்சம் இடப்பக்கம் சரிவு.
வலது தோள் மக்கர் பண்ணுகிறவனின் சரிவு.
அதைச் சுற்றித்தான் துளைகள் அதிகம்.

போன மார்ச். இந்தத் தெருக்கள். ஒரே நாளில் பதின்மூன்று மரம்.
மரத்துக்கு மரம் வாளை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.
பதினோராவதில் போத்தல் காலி.
"ஒன்றும் ஆகாது, முடி" என்றார் முதலாளி.
முடித்தேன்.
இது பன்னிரண்டாவதா, நாலாவதா?
எல்லா வேலியும் ஒரே சாம்பல் நிறம் இங்கே.

கீழேயிருந்து மிரியானா கையை நெற்றியில் வைத்துக் கத்தினாள்:
"போன வருஷம் ஒரு பையன் அழகாகக் கத்தரித்தான்,
கூரைப் பக்கக் கிளைக்குக் காசுகூட வாங்கவில்லை!"
கவசமும் கண்ணாடியும் போட்டால்
நாங்கள் எல்லோரும் ஒருவன்தான்.
வாளை முடுக்கினேன். அந்தச் சத்தத்தில்
பதில் சொல்லத் தேவையில்லை.

உச்சி, கிளைகள், கடைசியில் தண்டு,
துண்டு துண்டாகக் கயிற்றில் இறங்கியது.
வெட்டிய குறுக்கில் கறுத்த கறை,
தேநீர் கொட்டிய மேசைத் துணி போல.
அரைத்ததைத் தார்ப்பாய் போட்டு மூடினோம்,
ஒரு சிராய்கூடத் தெருவில் விழக் கூடாது, சட்டம்.

லாரியில் கோரியிடம் சொன்னேன்.
நெடுநேரம் சிக்னலைப் பார்த்தான்.
"வண்டுக்கு ரெக்கை இருக்கு, வாக்."
கொஞ்சம் கழித்து,
"என் மகளுக்கு ராத்திரி முழுக்க காய்ச்சல்" என்றான்.

திரும்பும் வழியில் ஹார்ட்வேர் கடையில்
மெத்திலேட்டட் ஸ்பிரிட், நாலு லிட்டர், என் காசில்.
ரசீது வேண்டுமா என்றாள் கல்லாப் பெண்.
வேண்டாம் என்றேன்.
கதவு வரை போய்த்
திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன்.