கடைசியாக ஒன்று

நாளை இரவு பஸ்.
மிச்சம் ஒரு பின்னேரமும்
நாலு பேரிடமும் சேர்த்து
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாயும்.
"கடைசியா ஒண்டு" என்றான் ஜெறோம்.
அவனுக்கு எப்பவும் கடைசியாக ஒன்று இருக்கும்.

பாலமீன்மடுவுக்கு ஓட்டோ.
மூவர் ஏறும் சீட்டில் நால்வர்.
என் மடியில் பஸ்மியாவின் ஈரத் துவாய்,
பாசிக்குடா மணல் உதிர உதிர.

வெளிச்சவீடு நினைத்ததைவிடக் கட்டை.
கதவில் பூட்டு, பூட்டில் துரு.
அதைப் படம் பிடித்தோம், வேறென்ன செய்ய.
கண்ணா வேருக்குள் ஒரு நண்டு
ஒற்றைக் கையைத் தூக்கித் தூக்கி
வா என்றதா போ என்றதா,
அதிலும் ஒரு சண்டை.

அப்போதுதான் கோகிலவதனி சொன்னாள்:
"நானும் இண்டைக்குத்தான்கா
இஞ்ச முதல்தரம் வாறன்."

கல்லடியில் பிறந்தவள்.
ஆறு நாளாய் எங்களைக் கூட்டித் திரிந்தவள்.
ஜெறோம் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினான்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஆறு கடலுக்குள் போகும் இடம் வரைக்கும்
தனியே நடந்தாள்.
காற்று அவள் சட்டையை ஊதிப் பெருப்பித்தது.

ஓட்டோக்காரர் இரண்டாம்தரம் ஹோர்ன் அடித்தார்.
அவள் திரும்பவில்லை.

காசை மறுபடி எண்ணினோம்.
இன்னும் அரை மணித்தியாலம் நிற்கக்
காணும்.