பதினோராவது

கொரடாச்சேரி கூட்டுறவுச் சங்கத்தில்
பீரோவுக்கு மேல், பழைய உரச் சிட்டைகளோடு
பதினாறு போர்ட் சுவிட்ச்.
ஒன்பதின் மேல் டேப். பத்தின் மேல் டேப்.
நீல மையில் இரண்டு முறை ‘கெட்டது’ என்று எழுதிவிட்டு
பிரிட்டோ குவைத் போய்விட்டான்.

இப்போது பதினொன்றும் அப்படித்தானாம்.
“சம்பா இன்சூரன்ஸ் ஏத்துறப்ப
அடங்கல் பாதியில நின்னுடுது மேடம்.
சுவிட்சையே மாத்திடுங்களேன்” என்கிறார் தில்லைக்கரசி.
கொட்டேஷன் தயார்.
செயலாளர் கையெழுத்துதான் பாக்கி.
கடைசித் தேதி நாளை மறுநாள்.

இரண்டு யூரியா மூட்டை போட்டு ஏறினேன்.
பதினொன்றில் என் லேப்டாப்பைச் செருகினேன்.
ஆயிரம் பிங் அனுப்பினேன்,
ஆயிரமும் வீடு திரும்பின.
ஒன்பதின் டேப்பைக் கிழித்தேன். நல்லாத்தான் இருந்தது.
பத்தும்.
கவுண்டர் கேபிளை மறுபடி மாட்டினேன்,
அதுவும் ஒழுங்காய் ஓடித் தொலைத்தது.

கெடாமல் இருக்கும்போது
எதைச் சரிசெய்வது?
டீ வந்தது. ஆறவிட்டுக் குடித்தேன்.

பன்னிரண்டே காலுக்கு மும்முனைக் கரண்ட் வந்தது.
பின்பக்கக் களத்தில், கொள்முதல் நிலையத்தில்
குறுவை நெல் தூற்றும் மெஷின் உறுமியது.
சன்னல் வழியே பதர் பறந்து வந்து
கீபோர்டில் உட்கார்ந்தது.
பதினொன்றின் பச்சை விளக்கு
அணைந்தது, எரிந்தது, அணைந்தது.
கவுண்டர் திரையில் பிழைக் கணக்கு
முப்பது, அறுநூறு, நாலாயிரம்.
சாக்கு மாற்ற மெஷினை நிறுத்தினார்கள்.
கணக்கும் நின்றது.

சுவரோடு தட்டிக்கொண்டே போனேன்.
தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்
ஒரே குழாய்க்குள்
மெஷினுக்குப் போகும் ஒயரும் நம் கேபிளும்
தோள்மேல் தோள் போட்டுப் படுத்திருந்தன.
“தனிக் குழாய் வேணாம்னு சொன்னது யாரு?”
செயலாளர் கொட்டேஷனை நாலாய் மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புதுக் கேபிளை உத்தரத்தோரமாய்த் தனியே இழுத்து
முனையை கிரிம்ப் செய்து
மூட்டைமேல் மறுபடி ஏறினேன்.

“எதுல மாட்டுறீங்க மேடம்?”
“பதினொன்னுல.”
“அதுமேல தப்பில்லைன்னுதானே சொன்னீங்க?”
“ஆமா.”
“இருந்தாலும் பன்னெண்டுல போட்டுடுங்க.”

டேப் கிழித்த இடத்துப் பசையில்
ஒரு பதர் ஒட்டியிருந்தது.
வெளியே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.
வெட்டாற்றங்கரை சர்வே எண்கள்
ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தன,
பன்னிரண்டின் வழியாக.